பாதி உறவு பாதையில்தான்

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்தைய சில நாட்களில் சென்னையில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது ஒரே கேள்வி: "ஊருக்கு எப்போ கிளம்புறீங்க?" திரும்பி வந்த பிறகு அது, "எத்தனை மணி நேரத்துல போய்ச் சேர்ந்தீங்க?" என்று மாறும். கிளாம்பாக்கத்தில் பஸ் பிடிக்கப் பட்ட பாடு, பரனூர் சுங்கச்சாவடியில் ஊர்ந்த வரிசை, விடிவதற்குள் திருச்சியைத் தாண்டிவிட்ட பெருமை என்று பண்டிகைப் பேச்சில் பாதி சாலையைப் பற்றியதாகவே இருக்கிறது. அந்தப் பேச்சுக்குள் ஒரு கணக்கும் இருக்கிறது. சொந்தபந்தங்களோடு இருக்கும் நேரம் வரவு, சாலையில் போகும் நேரம் செலவு. செலவை முடிந்தவரை குறைக்க வேண்டும். குறைக்க முடியாததை எப்படியாவது ஓட்டிவிட வேண்டும். ஓட்டுவதற்கு இன்று கைவசம் இருக்கும் வழி, பின்சீட்டில் ஆளுக்கொரு செல்போன். இந்தக் கணக்கில் பிழை இருக்கிறது. ஊருக்குப் போகும் சாலையும் உறவைப் பார்க்கப் போவதில் சேர்ந்ததுதான். சொல்லப்போனால், குழந்தைகளைப் பொறுத்தவரை அதில் பெரும்பகுதியே அதுதான். அந்த நேரத்தைப் பயனுள்ளதாக்க, காசு செலவில்லாத சில சின்ன விளையாட்டுகளே போதும்.

முதலில் நேரத்தைப் பார்ப்போம். சென்னையிலிருந்து மதுரை சுமார் 460 கிலோமீட்டர். திருநெல்வேலி 600 கிலோமீட்டருக்கும் மேல். நான்குவழிச் சாலை வந்த பிறகும், சாப்பாட்டுக்கும் டீக்கும் நிறுத்தி, பண்டிகை நெரிசலையும் சேர்த்தால் நெல்லைக்குப் பத்து மணி நேரம் என்பது மிகையில்லை. போகவர இருபது. மூன்று நாள் விடுமுறையில் ஒருவர் விழித்திருப்பது 48 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், ஐந்தில் இரண்டு பங்கு வண்டியிலேயே போய்விடுகிறது. மீதி நேரத்தில் வீட்டில் நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெண்கள் அடுக்களையில் இருப்பார்கள். ஆண்கள் வாசலில் நாற்காலி போட்டு நிலம், கல்யாணம், அரசியல் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகள் சித்தப்பா பிள்ளைகளோடும் அத்தை பிள்ளைகளோடும் தோப்புக்கும் கிணற்றடிக்கும் ஓடிவிடுவார்கள். அது அப்படி இருப்பதே அழகு. ஆனால் பெற்றோரும் பிள்ளைகளும், கூட வரும் பாட்டியும், எழுந்து போக வழியில்லாமல் முழங்கால் இடிக்க ஒன்றாக உட்கார்ந்திருப்பது வண்டிக்குள் மட்டும்தான். நகரத்து வாழ்க்கையில் அப்பாவுக்கும் மகளுக்கும் தொடர்ந்து பத்து மணி நேரம் சேர்ந்திருக்க வாய்ப்பது ஆண்டுக்கு எத்தனை முறை? அந்த அரிய நேரத்தைத்தான் 'எப்படியாவது ஓட்ட வேண்டிய நேரம்' என்று ஒதுக்குகிறோம்.

அந்த நேரத்தில் செய்ய என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சாலையே வேண்டிய அளவு தருகிறது. முன்னால் போகும் வண்டியின் நம்பர் பிளேட்டை எடுத்துக்கொள்வோம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, மாநிலத்துக்கு இரண்டு எழுத்து, பிறகு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் எண் என்ற முறை நாடு முழுவதும் ஒன்றாக இருக்கிறது. டி.என். 72 என்றால் திருநெல்வேலி, 69 தூத்துக்குடி, 74 நாகர்கோவில், 45 திருச்சி, 58 மதுரை. எண்ணைப் பார்த்ததும் ஊரை முதலில் சொல்பவருக்கு ஒரு புள்ளி என்று வைத்தால், விழுப்புரம் வருவதற்குள் பத்து வயதுப் பிள்ளைக்குத் தமிழ்நாட்டு வரைபடத்தில் பாதி மனப்பாடம் ஆகிவிடும். அதற்குப் பிறகுதான் கேள்விகள் சுவையாகின்றன. முட்டை ஏற்றிப் போகும் வண்டிகளில் 28 ஏன் அடிக்கடி கண்ணில் படுகிறது? கோழிப்பண்ணைகளுக்குப் பேர்போன நாமக்கல்லின் எண் அது. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகளில் 34 ஏன்? அந்தத் தொழிலுக்குப் பேர்போனது திருச்செங்கோடு. மதுரைக்கும் சென்னைக்கும் நடுவே ஓடும் ஆம்னி பஸ்ஸில் நாகாலாந்தின் என்.எல். எழுத்துகள் இருந்தால் அது எப்படி இங்கே வந்தது? வரியும் பெர்மிட் விதிகளும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால் அங்கே போய்ப் பதிவு செய்யப்பட்ட வண்டி அது. பதிவெண்ணில் 'என்' வரிசை வந்தால் அரசு பஸ், 'ஜி' வந்தால் அரசு அலுவலக வண்டி என்பதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிக்கும்போது அவர்களுக்கு வரும் மகிழ்ச்சி தனி.

ஊர் சலித்துவிட்டால் கணக்கு இருக்கிறது. பிளேட்டின் கடைசி நான்கு இலக்கங்களையும் தலா ஒரு முறை மட்டும் பயன்படுத்தி, கூட்டியோ கழித்தோ பெருக்கியோ வகுத்தோ பத்தைக் கொண்டுவர வேண்டும் என்பது விதி. 2548 என்று ஒரு வண்டி போகிறது. எட்டில் ஐந்து போனால் மூன்று, அதை இரண்டால் பெருக்கினால் ஆறு, நான்கைக் கூட்டினால் பத்து. சில எண்களில் சட்டென்று வரும். சிலவற்றில் எவ்வளவு முட்டினாலும் வராது. வராது என்று உறுதியாகச் சொல்வதற்கும் யோசிக்க வேண்டும். வண்டி எண்ணோடு விளையாடுவதற்கு நம்மிடம் ஒரு பெரிய முன்னோடியும் உண்டு. லண்டனின் புட்னியில் நோயுற்றுக் கிடந்த கணித மேதை ராமானுஜனைப் பார்க்கப் போன கணிதவியலாளர் ஹார்டி, தாம் வந்த டாக்ஸியின் எண் 1729 என்றும், அதில் விசேஷம் ஏதுமில்லை என்றும் சொன்னார். இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய எண்களில் மிகச் சிறியது அது என்று படுக்கையில் இருந்தபடியே சொன்னார் ராமானுஜன். உடம்பு சரியில்லாதவரைப் பார்க்கப் போன இடத்தில், வந்த வண்டியின் எண்ணிலிருந்தே பேச்சு தொடங்கியது. கணித உலகம் இன்றும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

கிலோமீட்டர் கல்லும் இப்படித்தான். மேற்பகுதி மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. பாட்டி வீட்டுக்குத் திரும்பும் இடத்தில் மஞ்சள் போய்ப் பச்சை வருவதைக் கவனிக்கும் பிள்ளைக்கு ஊர் நெருங்கிவிட்டது என்று யாரும் சொல்ல வேண்டாம். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் இடையே எத்தனை வினாடி என்று எண்ணி, 3,600ஐ அதனால் வகுத்தால் வண்டியின் வேகம் கிடைத்துவிடும். 45 வினாடி என்றால் மணிக்கு 80 கிலோமீட்டர். 36 வினாடி என்றால் 100. பிறகு, "அப்பா, மெதுவாப் போங்க" என்று சொல்வது அம்மாவாக இருக்காது. திருச்சிக்கு வடக்கே புறவழிச்சாலையில் முதலில் வரும் நீண்ட பாலம் கொள்ளிடத்தின்மீது போகிறது. அதைத் தாண்டினால் வலப்பக்கம் 236 அடி உயர ஸ்ரீரங்கம் ராஜகோபுரம். அடுத்து வருவது காவிரிப் பாலம். பொங்கல் சமயத்தில் போனால் பெரும்பாலும் முதல் ஆற்றில் மணலும் இரண்டாவதில் தண்ணீரும் தெரியும். பக்கத்துப் பக்கத்து ஆறுகளில் ஏன் இந்த வித்தியாசம்? மேற்கே முக்கொம்பில் ஒரே ஆறுதான் இரண்டாகப் பிரிகிறது. பாசனத் தண்ணீர் காவிரி வழியாகப் போகிறது. வெள்ளம் வரும்போது மிகுதியைக் கொள்ளிடம் வாங்கிக்கொள்கிறது. மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது மரபு. ஆகவே தைப் பிறப்புக்குப் போகிறவர்களுக்குக் காவிரியில் தண்ணீர் பார்க்க வாய்ப்பு அதிகம். சமூக அறிவியல் புத்தகத்தில் நான்கு வரியில் மதிப்பெண்ணுக்காகப் படிப்பதை ஜன்னல் இரண்டே நிமிடத்தில் காட்டிவிடுகிறது.

இவையெல்லாம் பொது அறிவு. உறவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்பது நியாயம். உறவுக்கென்றே ஒரு விளையாட்டு இருக்கிறது. ஊருக்குப் போய் இறங்கியதும் நரைத்த தலையோடு ஒருவர் வந்து பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி, "என்னைத் தெரியுதா? நான் யாரு, சொல்லு பார்ப்போம்" என்பார். பிள்ளை விழிக்கும். அம்மா முகத்தைப் பார்க்கும். "மாமாடா" என்று எடுத்துக் கொடுத்த பிறகுதான் வாய் திறக்கும். இந்தத் தேர்வுக்கு வழியிலேயே தயார் செய்யலாம். அப்பாவின் சித்தப்பா மகன் உனக்கு யார்? அப்பாவைவிடப் பெரியவர் என்றால் பெரியப்பா, சிறியவர் என்றால் சித்தப்பா. அம்மாவின் சித்தி மகன்? மாமா. அப்பாவின் அத்தை மகன்? அவரும் மாமாதான். ஏன் அப்படி என்று யோசிக்க வைத்தால், தமிழ் உறவுமுறை முழுவதும் ஒரு ஒழுங்கான கணக்காக விரியும். அண்ணன் தம்பி பிள்ளைகள் தங்களுக்குள் உடன்பிறப்பு; அண்ணன் தங்கை பிள்ளைகள் முறைக்காரர்கள். இந்த ஒழுங்கை ஆராய்ந்து மானிடவியலாளர் தாமஸ் டிரவுட்மன் 1981இல் ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். அதைத்தான் பாட்டி பின்சீட்டில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடி சொல்லித் தருகிறார். முறையோடு ஆளுக்கொரு செய்தியும் சேர்த்துச் சொன்னால் போதும்: இந்த மாமா ராணுவத்தில் இருந்தவர், அந்தப் பெரியம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், பக்கத்தில் போய்ச் சத்தமாகப் பேசு. இப்படி இறங்கும் பிள்ளைக்கு அந்த வீடு அந்நிய வீடு இல்லை.

எளிய பொழுதுபோக்குகளுக்கு இன்னொரு குணமும் உண்டு. வயதைச் சமன் செய்துவிடும். பாட்டுக்குப் பாட்டு இதற்கு நல்ல சான்று. இலங்கை வானொலியில் பி.எச்.அப்துல் ஹமீது நடத்திப் புகழ்பெற்று, பிறகு சன் டிவியிலும் வந்த நிகழ்ச்சி அது. ஆனால் அதற்கு மேடையும் தேவையில்லை, மைக்கும் தேவையில்லை. ஒருவர் முடித்த எழுத்தில் இன்னொருவர் தொடங்க வேண்டும், அவ்வளவுதான். தாத்தா கறுப்பு வெள்ளைக் காலத்துப் பாட்டை எடுப்பார், அப்பா இளையராஜாவுக்குப் போவார், மகள் போன மாதம் வந்த படத்திலிருந்து பாடுவாள். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது என்பதால் யாரும் எப்போதும் ஜெயித்துக்கொண்டே இருக்க முடியாது. வழக்கமாக வீட்டில் பெரியவர் சொல்வார், சிறியவர் கேட்பார். 'ல'வில் ஒரு பாட்டு தெரியாமல் திணறும் அப்பாவைப் பிள்ளைகள் பார்ப்பது இங்கேதான். விடுகதைக்கும், பெயர், ஊர், பூ, காய், சினிமாப் படம் என்று ஒரே எழுத்தில் சொல்லும் விளையாட்டுக்கும் இதே குணம் உண்டு. கோவில்பட்டியில் கடலைமிட்டாய், மணப்பாறையில் முறுக்கு, ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா என்று வழியில் எந்த ஊரில் என்ன வாங்கலாம் என்பதைக்கூடப் பிள்ளைகள் சொல்லட்டும். மூன்றுக்குமே புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. உறவுக்காரர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்பது நம் வழக்கம். யாருக்கு எது பிடிக்கும் என்று யோசித்து வாங்கிய பொட்டலத்தைப் பிள்ளையே கொண்டுபோய்க் கொடுப்பதில் ஒரு பெருமையும் இருக்கிறது.

இனி மறுப்புகளுக்கு வருவோம். செல்போன் கொடுத்தால் பிள்ளைகள் சண்டை போடாமல் இருக்கிறார்கள், பெற்றோருக்கும் நிம்மதி என்பது முதல் மறுப்பு. அது உண்மைதான், சண்டையை அடக்கத் திணறும் பெற்றோரைக் குறை சொல்ல யாருக்கும் தகுதியில்லை. ஆனால் ஓடும் வண்டியில் திரையைப் பார்ப்பதற்கு உடம்பு ஒரு விலை கேட்கிறது. காதின் உட்புறத்தில் இருக்கும் சமநிலை உறுப்பு, உடம்பு நகர்கிறது என்கிறது. கைக்குள் இருக்கும் அசையாத திரையைப் பார்க்கும் கண், நகரவில்லை என்கிறது. இந்த முரண்பாடுதான் தலைசுற்றலுக்கும் வாந்திக்கும் காரணம். இரண்டு முதல் பன்னிரண்டு வயதுவரை உள்ள குழந்தைகளுக்கு இது அதிகம் வரும். மருத்துவர்கள் சொல்லும் முதல் மருந்து, கண்ணைத் தூக்கி வெளியே தொலைவில் பார்க்கச் சொல்வது. கல்லை எண்ணும் விளையாட்டும் நம்பர் பார்க்கும் விளையாட்டும் பிள்ளையைச் செய்யச் சொல்வதும் அதையேதான். பயணம் முழுவதும் செல்போனே கூடாது என்று இங்கே சொல்லவில்லை. இருட்டிய பிறகு, எல்லோரும் களைத்த நேரத்தில், ஒரு படம் போட்டுக் கொடுப்பதில் தவறில்லை. கிளம்பியதுமே எடுத்துக் கொடுப்பதுதான் தவறு.

நான்குவழிச் சாலையில் பார்க்க என்ன இருக்கிறது என்பது இரண்டாவது மறுப்பு. இதில் பாதி நியாயம் உண்டு. திண்டிவனம், விழுப்புரம், பெரம்பலூர் என்று எல்லா ஊர்களையும் புறவழிச்சாலை ஒதுக்கிவிட்டது. கடைத்தெரு, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள், திருவிழாப் பந்தல் எல்லாம் இப்போது ஜன்னலுக்கு எட்டாது. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமான பிறகு, சாதாரண நாட்களில் சுங்கச்சாவடியில் வண்டி நிற்கும் சில நிமிடங்களும் போய்விட்டன. வெள்ளரிப் பிஞ்சு விற்கிறவரிடம் பேரம் பேசுவதற்குள் தடுப்பு திறந்துவிடுகிறது. ஆனால் மலையையும் ஏரியையும் யாரும் ஒதுக்கிவிடவில்லை. மேலூரைத் தாண்டி ஒத்தக்கடை வரும்போது படுத்திருக்கும் யானையைப் போலவே யானைமலை தெரிகிறது. கயத்தாறில், கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16இல் தூக்கிலிடப்பட்ட இடத்தில் நினைவுச்சின்னம் இருக்கிறது. ஆரல்வாய்மொழி அருகே முப்பந்தலில் காற்றாலைகளை எண்ண முயன்று தோற்காத பிள்ளை இருக்க முடியாது. பார்க்க எதுவும் இல்லை என்பதைவிட, எங்கே பார்க்க வேண்டும் என்று முன்பே தெரிந்துகொள்ளாமல் போகிறோம் என்பதுதான் சரி. அரைமணி நேரம் இறங்கிப் பார்த்தால் ஊர் போய்ச் சேர அரைமணி தாமதமாகும். அவ்வளவுதான்.

வண்டி ஓட்டுகிறவரின் கவனம் சிதறும் என்பது மூன்றாவது மறுப்பு. இதை மட்டும் எந்த நிபந்தனையும் இன்றி ஏற்க வேண்டும். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் விளையாட்டில் கிடையாது. அவரிடம் கேள்வி கேட்கக்கூடாது, தீர்ப்பும் கேட்கக்கூடாது. நெரிசலிலும் மழையிலும் இரவிலும் எல்லா விளையாட்டும் நிற்க வேண்டும். பிள்ளைகள் எழுந்து நின்று கண்ணாடி வழியாக எட்டிப் பார்ப்பதும், முன்சீட்டில் மடியில் உட்காருவதும், கூரைக் கண்ணாடியைத் திறந்து தலையை நீட்டுவதும் விளையாட்டில் சேராது. பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019இல் சட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். அபராதத்துக்குப் பயந்தாவது அதை மீறாமல் இருப்போம். இங்கே சொன்ன எந்த விளையாட்டுக்கும் எழுந்து நிற்க வேண்டியதில்லை என்பது ஒரு வசதி.

கடைசி மறுப்புதான் கூர்மையானது: இது பழங்காலத்தை நினைத்து உருகுவது, அதுவும் கார் வைத்திருப்பவர்களின் உருக்கம் என்பார்கள். பழைய பயணம் பொற்காலம் ஒன்றும் இல்லை. நிற்க இடமில்லாத பஸ், டீசல் புகை, கைக்குழந்தையோடு கழிப்பறை தேடி அலைந்த தாய்மார்கள், எல்லோருக்கும் புளிச்சோறும் இட்லியும் கட்டிக்கொடுக்க விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்த பெண்கள் என்று அதற்கு ஒரு மறுபக்கம் இருந்தது. அது திரும்பி வர வேண்டியதில்லை. சோறு கட்டுவதை வீட்டில் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ளலாம், ஓட்டலிலும் சாப்பிடலாம். ஆனால் இந்த விளையாட்டுகள் காரில் பிறந்தவை அல்ல. அரசு பஸ்ஸின் ஜன்னலோரத்திலும் ரயிலின் இரண்டாம் வகுப்பிலும் வளர்ந்தவை. சொல்லப்போனால் பஸ்ஸின் ஜன்னல் உயரமானது. காரில் தெரியாத ஏரி அங்கிருந்து தெரியும். பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பாத அளவுக்கு மெல்லப் பேசினால் போதும். செல்போனில் சத்தமாக வீடியோ பார்ப்பவரைப் போல, மகனிடம் மெல்ல உறவுமுறை கேட்கும் அம்மா யாருக்கும் தொந்தரவு கொடுப்பதில்லை. இரவு பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போகிறவர்களுக்கும் கிளம்பிய முதல் ஒரு மணி நேரம் விழித்திருக்கும் நேரம்தான்.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும்போது பெரிதாக எதையும் மாற்ற வேண்டாம். கிளம்பிய முதல் இரண்டு மணி நேரம் பெரியவர்கள் உட்பட எல்லோருடைய செல்போனும் பையில் இருக்கட்டும். வழி காட்டுவதற்கு ஒன்று மட்டும் வெளியே இருந்தால் போதும். யார் யாரைப் பார்க்கப் போகிறோம், அவர்கள் நமக்கு என்ன முறை என்பதைப் பிள்ளைகளே சொல்லட்டும். வழியில் ஓர் இடத்தில் அவர்களைக் கேட்டு நிறுத்துங்கள். ஒரு விளையாட்டு சலிக்கும் முன்பே அடுத்ததற்குப் போய்விடுங்கள். திரும்பி வரும்போது அதே சாலையில் வேறு விளையாட்டு ஒன்று மட்டும் வையுங்கள்: ஊரில் பார்த்தவர்களில் யாரை மறுபடி பார்க்க வேண்டும், ஏன் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். அந்தப் பதிலைக் கேட்ட பெற்றோர், அடுத்த பயணத்துக்கு எத்தனை நாள் லீவு போட வேண்டும் என்பதைத் தாங்களே முடிவு செய்துகொள்ளலாம்.